பரிசு செக் வேண்டாம்... ஒரு நல்ல கேள்வி போதும்! ஓசூருக்கு ஏற்ற மருத்துவ ஹேக்கத்தான் எப்படி இருக்க வேண்டும்?

கிருஷ்ணகிரி மாவட்டம், சாமனப்பள்ளி. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தது இந்தக் கிராமத்தில்தான். பி.பி., சுகர் இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வரும் திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி நிவாரண சிகிச்சையும்கூட வீட்டிலேயே. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

இதில் புது மெஷின் எதுவும் கிடையாது. புது மருந்தும் கிடையாது. ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

2020-ல் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வு எடுத்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவிகிதம் பேருக்கு மட்டுமே. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று அதை வாங்க எத்தனை பேரால் முடியும்? 'நோயாளி ஏன் வரவில்லை?' என்று கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், 'மாத்திரை ஏன் அவரிடம் போகக் கூடாது?' என்று மாற்றிக் கேட்டதில் பிறந்ததுதான் இந்தத் திட்டம்.

சாமனப்பள்ளி இருக்கும் இதே மாவட்டத்தில்தான் ஓசூர் சிப்காட்டும் இருக்கிறது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், செல்போன் பாகங்கள் என எல்லாம் தயாராகும் ஊர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊர். கைப்பையில் பி.பி. கருவியுடன் தெருத்தெருவாக நடக்கும் சுகாதாரத் தன்னார்வலர் ஒரு பக்கம், அந்தப் பையில் இருக்கும் எதையும் நான்கு நாளில் மேம்படுத்திக் கொடுக்கக்கூடிய டூல் ரூம் ஃபிட்டர் இன்னொரு பக்கம். இருவரும் ஒரே பஸ்ஸில்கூடப் போகலாம். ஆனால், வேலையைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்குவதுதான் ஹேக்கத்தான். சரியாக நடத்தினால்!

ஹேக்கத்தான்னா என்ன?

'ஹேக்' என்றதும் பேங்க் அக்கவுன்ட்டில் பணம் திருடுகிறவர்கள் நினைவுக்கு வரலாம். இது வேறு. 'ஹேக்' என்றால் சட்டென்று ஒரு வழி கண்டுபிடிப்பது. அதோடு மாரத்தானின் பின்பாதியைச் சேர்த்தால் ஹேக்கத்தான். 1999-ல் கனடாவின் கால்கரி நகரத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஒன்றாகக் கூடி வேலை செய்த நிகழ்வுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஒரு பிரச்னையை எடுத்துக்கொண்டு, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஓரிரு நாள்களில் மாதிரித் தீர்வு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். இதுதான் விதி.

நமக்கும் இது புதிதல்ல. மத்திய அரசின் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' 2017-லிருந்து நடக்கிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில், பொறியியல் மாணவர்களுக்காக 'நிரல் திருவிழா' நடத்துகிறார்கள். பல கல்லூரிகளில் வருடத்துக்கு ஒன்றாவது நடக்கிறது.

ஆனால், வழக்கமாக என்ன நடக்கும்? டி-ஷர்ட் கொடுப்பார்கள். விடிய விடிய கண்விழித்து ஓர் ஆப் செய்வார்கள். ஞாயிறு மாலை மேடையில் கதவு உயரத்துக்கு ஒரு செக் அட்டையைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை செமஸ்டர் கிளாஸ். அந்த ஆப்பை அதன் பிறகு ஒருவரும் திறப்பதில்லை. யாருக்காகச் செய்தார்களோ அந்த நோயாளி அந்த அறைக்குள் ஒருமுறைகூட வந்திருக்க மாட்டார்.

ஆம்பு பேக்கும் மாத்திரைப் பொட்டலமும்

மருத்துவ ஹேக்கத்தானால் நிஜமாகவே ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. இரண்டு உதாரணங்கள் பார்ப்போம்.

2012-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மருத்துவ ஹேக்கத்தானுக்கு உகாண்டாவிலிருந்து டேட்டா சான்டோரினோ என்ற குழந்தை மருத்துவர் வந்திருந்தார். பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு 'ஆம்பு பேக்' வைத்துக் காற்று கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பயிற்சி எடுத்த செவிலியருக்குக்கூட அந்தப் பதற்றத்தில், மாஸ்க் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, காற்று உள்ளே போகிறதா, வேகமாக அழுத்துகிறோமா என்று தெரியாது. இதுதான் அவர் கொண்டுவந்த பிரச்னை. எம்.ஐ.டி-யைச் சேர்ந்த கெவின் செட்ரோன் என்ற இன்ஜினீயர் அவரோடு சேர்ந்தார். மாஸ்க்குக்கும் பைக்கும் நடுவில் பொருத்தும் ஒரு சிறு கருவி உருவானது. காற்று கசிந்தால், அடைத்தால், வேகம் கூடினால் அது உடனே சொல்லிவிடும். ஆம்பு பேக்கை அவர்கள் மாற்றவில்லை. அதைப் பிடித்திருக்கும் கைக்குத் துணை கொடுத்தார்கள்.

அடுத்தது மாத்திரை. டி.ஜே.பார்க்கர் ஒரு பார்மசிஸ்ட். எலியட் கோஹன் ஓர் இன்ஜினீயர். எம்.ஐ.டி-யின் மருத்துவ ஹேக்கத்தான் வட்டாரத்தில் சந்தித்துக்கொண்ட இவர்கள் 2013-ல் 'பில்பேக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை போடும் முதியவருக்கு, காலை மாத்திரைகள் ஒரு பொட்டலம், இரவு மாத்திரைகள் ஒரு பொட்டலம் என்று தேதி, நேரம் அச்சடித்து அனுப்புவார்கள். நம் வீட்டில் பேத்தி, தாத்தாவுக்குப் பேப்பரில் மடித்து வைத்துவிட்டுப் போகிற அதே வேலைதான்! 2018-ல் அந்த நிறுவனத்தை அமேசான் வாங்கியது.

இரண்டு கதைகளிலும் பொதுவான விஷயத்தைக் கவனியுங்கள். வலி தெரிந்த ஒருவர், வழி தெரிந்த ஒருவர். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஹேக்கத்தான் என்ற சொல்லே பிறக்காத 1968-ல் ஜெய்ப்பூரில் நடந்தது இதுதான். வெளிநாட்டுச் செயற்கைக் காலை வைத்துக்கொண்டு நம் மக்களால் சம்மணமிட முடியாது, குந்தி உட்கார முடியாது, வயலில் இறங்க முடியாது. டாக்டர் பி.கே.சேத்தியும், அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைக் கலைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரில் 'ஜெய்ப்பூர் கால்' செய்தார்கள். டயர் ரீட்ரெடிங் கடையில் நடக்கும் ரப்பர் வேலையைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். ஓசூர் பைபாஸில் டயர் கடைகளுக்கா பஞ்சம்?

ஓசூருக்குத் தெரிந்த வித்தை

ஓசூரில் லைனில் வேலை பார்க்கும் யாரையும் கேட்டுப்பாருங்கள். 'கைசன்', '5எஸ்', 'பொகா-யோகே' என்று ஜப்பானிய வார்த்தைகள் சரளமாக வரும். பொகா-யோகே என்றால், தப்பு செய்ய நினைத்தாலும் செய்ய முடியாதபடி அமைப்பது. ஒரு பாகத்தைத் தலைகீழாகப் பொருத்தவே முடியாதபடி ஜிக்கில் ஒரு முள் வைத்துவிடுவார்கள். சிம் கார்டின் ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கிறார்களே, அதுவும் இந்த வித்தைதான்.

தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் விருதை டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் வாங்கியது. அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாவது யூனிட்டும் பிற்பாடு வாங்கியது. டைட்டன் 'எட்ஜ்' வாட்ச்சின் உள்ளே ஓடும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர்தான். இந்தத் திறமையெல்லாம் பெரிய கம்பெனி வளாகத்துக்குள் மட்டும் இல்லை. அவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளிலும் இருக்கிறது.

இப்போது இந்த வித்தையை ஒரு மாத்திரை அட்டையின் பக்கம் திருப்பினால்?

ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட்... மாத்திரை எப்போது?

ஓர் உதாரணம். சுகர் இருக்கும் ஒரு தொழிலாளிக்கு, 'காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை' என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. இரவு ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வருபவருக்குக் காலை என்பது தூங்கும் நேரம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், சில வகை சுகர் மாத்திரைகளால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். அதே மாத்திரையை ஷிஃப்ட் கிளம்பும் அவசரத்தில் வெறும் வயிற்றில் போட்டால், பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும்போது தலை சுற்றலாம். விரல் போகும்.

வழக்கமான ஹேக்கத்தானில் இதற்கு ஒரு 'ரிமைண்டர் ஆப்' செய்வார்கள். ஆனால், பல தொழிற்சாலைகளில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று லைனில் வேலை பார்ப்பவருக்குத்தான் தெரியும். அவர் அந்த மேஜையில் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் ஆப் யோசனை போய்விடும். கேன்டீன் டோக்கனோடு மாத்திரையை இணைக்கலாமா? ஐ.டி. கார்டின் பின்னால் செருகும் மூன்று நிற ஷிஃப்ட் அட்டை செய்யலாமா? அட்டையைப் பார்த்ததும் டாக்டருக்கே இவர் ஷிஃப்ட் தொழிலாளி என்று தெரிந்து, அதற்கேற்ற மாத்திரையை எழுத வழி உண்டா? பேச்சு இப்படிப் போகும். மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது, டாக்டர்தான் மாற்ற வேண்டும் என்று மேஜையில் இருக்கும் செவிலியர் சொல்வார். மூன்று பேருக்கும் தெரிந்தது சேரும்போதுதான் உருப்படியான ஒன்று கிடைக்கும்.

நம் பகுதியின் கேள்விகள்

ஓசூர்-கிருஷ்ணகிரிக்கே உரிய கேள்விகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

மொழி: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் எல்லைப் பகுதி இது. இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சுவலியோடு வரும் ஒருவர் வலியைச் சொல்ல வார்த்தை இல்லாமல் தவித்தால்? படம் பார்த்து விரல் வைக்கும் ஓர் அட்டை, எல்லா மொழியும் தெரிந்தவர்கள் சேர்ந்தால் ஒரே நாளில் தயாராகிவிடும்.

பாம்புக்கடி: தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் மலையும் காடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. விரியன் கடித்தால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் தப்பான முடிவைக் காட்டிவிடும். கூட்டம் நிறைந்த இரவில் குழாயை யாரும் ஆட்டாமல், 20 நிமிடத்தை மறக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டும் டைமரும். இது ஒரு லேத் பட்டறை யோசிக்க வேண்டிய விஷயம்தானே?

சாலை: தேசிய நெடுஞ்சாலை 44 இந்த மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. '108'-ஐ அழைப்பவருக்குத் தான் நிற்கும் இடத்தின் பெயரே தெரியாமல் இருக்கலாம். லாரி டிரைவர் வேறு மாநிலத்துக்காரராக இருக்கலாம். அத்திப்பள்ளிக்குள் நுழைந்தாலே கர்நாடகம். எல்லைக்கு எந்தப் பக்கம் கொண்டுபோவது என்ற குழப்பத்துக்கு என்ன செய்யலாம்?

தண்ணீர்: தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடால் பல்லிலும் எலும்பிலும் பட்ட அவதி பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்ததும் அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறோமா? அதை ஒரு பள்ளி மாணவி சோதித்து, ஊருக்குச் சொல்ல எளிய வழி இருக்கிறதா?

நடத்துவது எப்படி?

சங்கமோ, கல்லூரியோ, குடியிருப்போர் நலச் சங்கமோ இதை நடத்த முன்வரலாம். ஓசூரில் சிறு, குறு தொழில்களுக்குச் சங்கம் உண்டு. பொறியியல் கல்லூரிகள் உண்டு. ஐ.டி.ஐ. உண்டு. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதுதான் வேலை. கவனிக்க வேண்டியவை இவை:

1. முதலில் கேள்வி சேகரியுங்கள். நிகழ்ச்சிக்கு ஒன்றரை மாதம் முன்பே துணை சுகாதார நிலையம், 108 ஊழியர்கள், தொழிற்சாலை முதலுதவி அறை, பெண்கள் ஹாஸ்டல், மலைக் கிராமங்கள் என்று போக வேண்டும். 'உங்களுக்கு என்ன கண்டுபிடிப்பு வேண்டும்?' என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. 'நேற்று எந்த வேலை உங்களை ரொம்பப் படுத்தியது?' என்று கேளுங்கள், கொட்டுவார்கள். இதற்கு மாவட்ட நிர்வாகம், சுகாதாரத் துறையின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

2. குழுவில் நான்கு பேர் கட்டாயம். ஒரு சுகாதாரப் பணியாளர், ஒரு மெஷின் வேலை தெரிந்தவர், ஒரு மாணவர், பிரச்னையை வீட்டில் அனுபவிக்கும் ஒருவர். நான்காமவர் இல்லாத குழுவுக்கு அனுமதி இல்லை என்றே விதி வைக்கலாம். அம்மாவுக்குப் பத்து வருடமாக இன்சுலின் போடும் மகள் அந்தக் குழுவின் பெரிய எக்ஸ்பெர்ட்.

3. விடிய விடிய வேண்டாம். 24 மணி நேரம் கண்விழித்தால் பெண் தொழிலாளர்கள், செவிலியர்கள், குழந்தை உள்ளவர்கள் வர முடியாது. வருவது காலேஜ் பையன்கள் மட்டும்தான். அதற்குப் பதிலாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை 9 முதல் மாலை 5 வரை. நடுவில் இருக்கும் ஒரு வாரத்தில் குழு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ் வசதி, சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, ஷிஃப்ட்டை விட்டு வருபவருக்கு அன்றைய கூலி. மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவை இதற்குத் திருப்பிவிடுங்கள்.

4. நோயாளி மேல் சோதனை கூடாது. மருத்துவக் கருவிகள் எல்லாமே 2020 ஏப்ரலிலிருந்து மருந்துக்கான சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உடலில் படும், உடலை அளக்கும் கருவி என்றால் அனுமதி, பரிசோதனை, லைசென்ஸ் என்று நீண்ட பாதை உண்டு. ஹேக்கத்தானில் பொம்மையிலும் தண்ணீர்ப் பையிலும் மட்டும் செய்து பாருங்கள். ஸ்டாண்டு, விளக்கப்பட அட்டை, பை, பதிவு செய்யும் முறை மாதிரி எளியவற்றில் தொடங்கினால், சுகாதார அலுவலர் ஒப்புதலோடு சீக்கிரம் பயன்பாட்டுக்கு வரும். யாருடைய மருத்துவச் சீட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. தனிநபர் தகவலைப் பாதுகாக்க 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

5. நீதிபதி செவிலியர்தான். கம்பெனி மேனேஜரும் பேராசிரியரும் இருக்கட்டும். ஆனால், 'இதை நாளைக்கு என் பையில் எடுத்துப் போவேனா?' என்று கேட்கும் உரிமையும், அதிக மதிப்பெண்ணும் களத்தில் இருப்பவருக்கே.

6. பரிசு 90 நாள். பெரிய செக்குக்குப் பதில், ஜெயித்த குழுவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒரு பட்டறையின் மெஷின், வழிகாட்ட ஓர் இன்ஜினீயர், பேசிப் பார்க்க ஒரு சுகாதார நிலையம். 90-வது நாள் அதே இடத்தில் எல்லோரும் கூட வேண்டும். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தோற்றதையும் எழுதி வைத்தால்தான் அடுத்த வருடம் வருபவர்கள் அதே குழியில் விழமாட்டார்கள்.

கேள்வியே மாறலாம்!

முதல் ஞாயிறுக்கும் இரண்டாம் ஞாயிறுக்கும் நடுவில் ஏன் நேரில் போக வேண்டும்? 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு, குறைந்த விலையில் இன்குபேட்டர் வடிவமைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். குழுவில் ஒருவர் நேபாளத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் மின்சாரம் இல்லாத கிராமங்களில். மருத்துவமனை வரை வந்து சேரவே இல்லை.

திரும்பி வந்ததும் அவர்கள் இன்குபேட்டரை மறந்தார்கள். மெழுகு போன்ற பொருளைச் சூடாக்கி உள்ளே வைத்தால், மணிக்கணக்கில் ஒரே வெப்பத்தைக் காக்கும் குட்டித் தூக்கப் பையைச் செய்தார்கள். 'எம்ப்ரேஸ்' என்று பெயர். அதை நடைமுறைக்குக் கொண்டுவர அந்தக் குழு வந்து தங்கிய ஊர் எது தெரியுமா? ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு.

வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா?

நல்ல யோசனை மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தப்போவது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். இதற்கு நம் மதுரையே சாட்சி. கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-ல் 'ஆரோலேப்' அதை மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கி, விலையைப் பல மடங்கு குறைத்தது. அது நிலைத்து நின்றதற்கு முக்கியக் காரணம், லென்ஸுக்காகக் காத்திருந்த அரவிந்த் கண் மருத்துவமனை. செய்பவரும் பயன்படுத்துபவரும் முதல் நாளிலிருந்தே ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஓசூர் ஹேக்கத்தானிலும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும். 'இது நடந்தால் நான் பயன்படுத்துவேன்' என்று ஒரு சுகாதார நிலையமோ, ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையோ கையெழுத்து போட வேண்டும். போட ஆளில்லாத கேள்வியை அந்த வருடம் எடுக்கவே வேண்டாம். நன்றாக வரும் யோசனையைத் தொழிலாக வளர்க்க 'ஸ்டார்ட்அப் டிஎன்', தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் இருக்கின்றன. அங்கே போகும்போது அந்தக் கையெழுத்துதான் பெரிய பலம்.

ஒரு நேர்மையான எச்சரிக்கை

ஹேக்கத்தானால் எல்லாம் சரியாகிவிடாது. டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால், அதை நிரப்புவது அரசின் வேலை. மலைக் கிராமத்துக்கு ரோடு இல்லையென்றால், ரோடுதான் போட வேண்டும். அதற்கு ஆப் மாற்றாகாது. 'தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்க யாருக்கும் இது சாக்காகவும் ஆகிவிடக் கூடாது.

பக்கத்து தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கிறது சிட்டிலிங்கி. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்க் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கிருந்த பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பெரிய கருவிகள் எதுவும் அப்போது இல்லை. ஊரில் இருப்பவருக்கே ஊரின் நோய் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. ஹேக்கத்தானிலும் மெஷின் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, இதுவரை யாரும் கேட்காதவர்களிடம் உட்கார்ந்து கேட்பது. கேள்விகளைச் சேகரிக்கும்போது 'இது நம்மால் முடியாது, அரசுதான் செய்ய வேண்டும்' என்ற ஒரு பட்டியலும் தானாகவே சேரும். அதை அப்படியே கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால், அதுவும் ஹேக்கத்தானின் வெற்றிதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஹேக்கத்தான் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அடுத்த முறை வரும்போது, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். 'உங்க வேலையில ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எதும்மா?' என்று கேளுங்கள். பை கனமாக இருக்கிறது, பி.பி. கருவியின் பேட்டரி பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது, வீடு பூட்டியிருக்கிறது, அட்டையில் எழுத இடமே இல்லை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள்.